நீள் ரைஃபிளுக்கு எந்த அளவு லாக்? கணக்கைக் குழலிலிருந்து தொடங்குங்கள்

கையால் ஒரு நீள் ரைஃபிள் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் வாங்கிவிடுவது லாக்கைத்தான், அதாவது தீப்பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் அமைப்பை. மெருகேற்றிய எஃகு, வளைந்த கழுத்துள்ள குதிரை (கல்லைப் பிடித்து அடிக்கும் பாகம்), விரலால் தள்ளினால் 'டக்' என்று திறக்கும் மூடி என்று பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றும். வாங்கிய பிறகுதான் சங்கடம் தெரியும். மெலிந்த குழலுக்குப் பெரிய லாக் வந்து சேர்ந்திருக்கும், அல்லது பருத்த குழலுக்குப் பொடி லாக். இரண்டையும் மரத்தில் ஒருவழியாகப் பொருத்திவிடலாம். ஆனால் துப்பாக்கி முடிந்ததும் எங்கோ ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சங்கடம் வராமல் இருக்க எதை அளக்க வேண்டும், எந்த வரிசையில் அளக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். நீள் ரைஃபிள் 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் உருவான துப்பாக்கி. ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள், ஊரில் தாங்கள் செய்துவந்த குட்டையான, பருத்த வேட்டைத் துப்பாக்கியைப் புதிய மண்ணின் தேவைக்கு ஏற்ப நீட்டி, மெலித்து, அழகாக்கினார்கள். எண்கோணக் குழல் மட்டுமே 42 முதல் 46 அங்குலம் வரை நீளும். மரம் பெரும்பாலும் அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள். லாங்காஸ்டர், ரீடிங், யார்க், பெத்லஹேம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாணி உண்டு. லாங்காஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஜேக்கப் டிக்கர்ட்டின் துப்பாக்கிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இந்தக் கொல்லர்களில் பெரும்பாலோர் லாக்கைத் தாங்களே செய்யவில்லை. அது தனித் தொழில். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் லாக்குகள் கப்பலில் வந்து இறங்கின. பர்மிங்ஹாமின் கெட்லண்ட் நிறுவனப் பெயர் பொறித்த லாக்குகள் எத்தனையோ அமெரிக்க ரைஃபிள்களில் இன்றும் இருக்கின்றன. ஆகவே 'எந்த லாக் இந்தக் குழலுக்குப் பொருந்தும்' என்ற கேள்வி அன்றைய கொல்லருக்கும் இருந்ததுதான்.

லாக் செய்கிற வேலை எளிது. குதிரையின் வாயில் தோல் துண்டு சுற்றிய சக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்தால் உள்ளே அழுந்திக் கிடக்கும் பெரிய ஸ்பிரிங் விடுபட்டுக் குதிரையை முன்னால் தள்ளும். கல் நேராக நிற்கும் கடினமான எஃகு முகத்தில் உரசும். அந்த எஃகுத் துண்டுக்குப் பெயர் ஃபிரிஸன். கல் அதிலிருந்து சன்னமாகச் சீவி எடுக்கும் எஃகுத் துணுக்குகள் எரிந்தபடி விழுவதுதான் தீப்பொறி. அதே அடியில் ஃபிரிஸன் முன்னால் சாய்ந்து, கீழே உள்ள சின்னக் கிண்ணத்தைத் திறந்துவிடும். கிண்ணத்தில் இருக்கும் மருந்து பற்றும். அந்தத் தீ குழலின் பக்கவாட்டில் உள்ள பற்றுவாய் என்ற சிறு துளை வழியாக உள்ளே பாய்ந்து, உள்ளிருக்கும் மருந்தை எரிக்கும். 1610 வாக்கில் பிரான்சின் லிசியூ ஊரைச் சேர்ந்த மரீன் லெ பூர்ஷ்வாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அமைப்பு இது. அடிப்படையில் இரு நூற்றாண்டுகள் பெரிதாக மாறாமல் புழங்கியது.

லாக்கின் அளவு என்று பேசும்போது முதலில் சொல்வது இந்தப் பாகங்களைத் தாங்கி நிற்கும் தகட்டின் நீளத்தை. பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் மஸ்கட்டில் அது சுமார் 7 அங்குலம். நீள் ரைஃபிள்களில் பொதுவாக நாலரை முதல் 6 அங்குலத்துக்குள் வரும். அதோடு தகட்டின் உயரம், கிண்ணத்தின் நடுவிலிருந்து பின்முனை வரையுள்ள தூரம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் தடிமன், கல்லின் அகலம் எல்லாம் சேர்ந்ததுதான் அளவு. விலைப்பட்டியலில் நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பற்றுவாய்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கப் புள்ளி

லாக்கைத் துப்பாக்கியில் எங்கே வைப்பது என்பது நம் விருப்பம் இல்லை. அதைப் பற்றுவாய் முடிவு செய்துவிடுகிறது. பற்றுவாய் எங்கே வரும் என்பதைக் குழலின் அடியை அடைக்கும் மரையாணி முடிவு செய்கிறது.

குழலின் பின்முனையில் மரை வெட்டி, அதில் ஒரு தடித்த ஆணியை முறுக்கி அடைத்திருப்பார்கள். இன்று விற்கிற குழல்களில் அந்த மரை பெரும்பாலும் 5/8 அங்குலம் உள்ளே போகும். மருந்து அந்த ஆணியின் முகத்துக்கு முன்னால்தான் தங்கும். ஆகவே பற்றுவாயும் ஆணியின் முகத்தைத் தாண்டிச் சற்று முன்னால் திறக்க வேண்டும். கணக்குப் போட்டால் குழலின் பின்முனையிலிருந்து ஏறத்தாழ 11/16 அங்குலம் அல்லது அதற்குக் கொஞ்சம் அதிகம். கிண்ணத்தின் நடு அந்த இடத்துக்கு நேராக வர வேண்டும்.

உயரமும் முக்கியம். எண்கோணக் குழலின் பக்கத் தளத்தில், ஏறக்குறைய நடுவில் பற்றுவாய் அமைவது நல்லது. கிண்ணத்தின் மேல்விளிம்பு அதே உயரத்துக்கு வர வேண்டும். ரொம்பக் கீழே துளையிட்டால் கிண்ணத்து மருந்து துளையை மூடிவிடும். தீ பாய்வதற்குப் பதிலாகத் திரிபோல மெல்ல எரிந்துகொண்டு போகும். விசையை இழுப்பதற்கும் வெடிப்பதற்கும் இடையில் தெளிவாகக் காதில் விழும் தாமதம் அப்படித்தான் வருகிறது.

எண்கோணத்தின் ஒரு தளம் எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொள்வது உதவும். குழலின் தடிமனை 0.414ஆல் பெருக்கினால் போதும். 1 அங்குலக் குழலுக்கு 0.41 அங்குலம் வரும். 13/16 அங்குலக் குழலுக்கு 0.34 அங்குலம்தான். வேறுபாடு சின்னதாகத் தெரியலாம். ஆனால் பெரிய லாக்கின் நீண்ட, ஆழமான கிண்ணத்தை 0.34 அங்குலத் தளத்தோடு ஒட்டிவைத்துப் பாருங்கள், கிண்ணம் குழலை விழுங்கிவிட்டதுபோல் இருக்கும்.

கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தடுப்புச் சுவர் இருக்கும். அந்தத் தடுப்பின் பின்பக்கமும் குழலின் பின்முனையும் ஒரே கோட்டில் நின்றால் பார்வைக்கு நன்றாக இருக்கும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. அழகைத் தாண்டி வேறு காரணமும் உண்டு. லாக்கைப் பிடித்து நிறுத்தும் பின் திருகு, எதிர்ப்பக்கத்திலிருந்து மரத்தைத் துளைத்து, இந்தத் தடுப்பின் பக்கத்தில்தான் வந்து மாட்டும். குட்டையான லாக்கைக் கிண்ணம் பார்த்து முன்னால் வைத்துவிட்டால், அந்தத் திருகின் பாதையில் குழலே குறுக்கே நிற்கும். குழலின் மரைப் பகுதியைத் துளைக்கக் கூடாது. 'மரையாணியைக் கொஞ்சம் குட்டையாக்கிக்கொண்டால் என்ன' என்று கேட்பவர்கள் உண்டு. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த மரைதான். அதில் கைவைப்பது தொடக்க நிலையில் இருப்பவரின் வேலை இல்லை. வேறு லாக் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடநெருக்கடி

பலருக்கும் தெரியாத சிக்கல் மரத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே பார்த்தால் தகடு நன்றாகப் பொருந்தியிருக்கும். உள்ளே ஸ்பிரிங்குக்கு இடமே இருக்காது.

குழலுக்குக் கீழே, மரத்துக்குள், மருந்து கெட்டிக்கும் கோல் போகிற துளை இருக்கிறது. கோல் வழக்கமாக 3/8 அங்குலத் தடிமன். குழலுக்கும் அந்தத் துளைக்கும் நடுவில் 1/8 அங்குலத்தை ஒட்டி மரம் விட்டிருப்பார்கள். லாக்கின் தகடு குழலின் பக்கத் தளத்தோடு ஒட்டி நிற்கும். பெரிய ஸ்பிரிங் தகட்டின் உட்புறத்தில், கிட்டத்தட்டக் கோல் துளையின் உயரத்திலேயே வந்து உட்காரும். அதாவது தகட்டுக்கும் கோல் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் ஸ்பிரிங்குக்குக் கிடைக்கிற வீடு.

அந்த இடைவெளியைக் கணக்கிட்டுவிடலாம். குழலின் பாதித் தடிமனிலிருந்து கோலின் பாதித் தடிமனைக் கழித்தால் போதும். 1 அங்குலக் குழல் என்றால் 1/2 கழித்தல் 3/16. கிடைப்பது 5/16 அங்குலம், கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். 7/8 அங்குலக் குழலுக்கு 1/4 அங்குலம். 13/16 அங்குலக் குழலுக்கு 7/32 அங்குலம், அதாவது ஐந்தரை மில்லிமீட்டர்தான். துளை கோலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், நடுவில் மெல்லிய மரச்சுவரும் நிற்க வேண்டும், ஸ்பிரிங் உராயாமல் அசைய இடமும் வேண்டும். இவையெல்லாம் போக மிஞ்சுவதைப் பார்த்தால், கால் அங்குல அகல ஸ்பிரிங் உள்ள லாக்குக்கு 13/16 குழலில் இடம் கிடையாது. மெலிந்த ரைஃபிளுக்கு 5/16 அங்குலக் கோல் போடுவதன் காரணம் இப்போது புரியும். கோல் மெலிந்தவுடன் அதே 13/16 குழலில் இடைவெளி 1/4 அங்குலமாகிவிடுகிறது.

இடம் இல்லாத இடத்தில் உளியை வைத்துக் குடைந்துகொண்டே போனால் கோல் துளையின் சுவர் உடைந்து, ஸ்பிரிங்கும் கோலும் உரசும். லாக்கின் வேகம் செத்துவிடும். லாக்கின் முன் திருகுக்கும் இதே நெருக்கடிதான். குழலுக்கும் கோலுக்கும் நடுவிலுள்ள அந்த 1/8 அங்குல மரத்தின் வழியாகத்தான் அது போக வேண்டும்.

இதே கணக்கை உயரவாக்கிலும் ஒரு தடவை போட்டுவிடுங்கள். பக்கத் தளத்தின் நடுவிலிருந்து மரத்தின் அடி வரை 1 அங்குலக் குழலில் ஏறத்தாழ 1⅛ அங்குலம் வரும். 13/16 குழலில், கோல் மாறாமல் இருந்தால், ஏறத்தாழ 1 அங்குலம். அதற்குள் தகடும் அடங்கி, அதன் கீழே ஒரு மரக்கரையும் தெரிய வேண்டும். மரத்தின் அடி வளைந்து போவதால் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரிகிற உயரம் இன்னும் குறைவு.

அப்படியானால் எந்தக் குழலுக்கு எது?

இங்கே ஒரு தவறான வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 'இது 0.50 காலிபர், அதனால் பெரிய லாக்' என்று காலிபரை வைத்து முடிவெடுக்கிறார்கள். காலிபர் என்பது குழலின் உள்துளை. லாக் ஒட்டி நிற்பது குழலின் வெளித்தளத்தில். அதிலும் அடிமுனையில், அதாவது பின்முனையில். ஆகவே பார்க்க வேண்டியது அடிமுனையின் வெளித் தடிமன் ஒன்றைத்தான்.

நேரான குழலில் இது சுலபம், முன்னும் பின்னும் ஒரே தடிமன். பழைய பாணியில் செய்த குழல்கள் அப்படி இருக்காது. அடியில் பருத்து, நடுவில் இடைபோல் மெலிந்து, வாயருகே மறுபடி லேசாக விரியும். நடுவில் கையை வைத்துப் பார்த்தால் மெலிந்த ரைஃபிள் என்றுதான் தோன்றும். அடியில் அளந்தால் 1 அங்குலமோ 1⅛ அங்குலமோ இருக்கும். லாக் அந்த அடி அளவுக்குத்தான்.

பழகியவர்கள் சொல்லும் பொதுவான வரம்பு இது: அடிமுனை 13/16 அல்லது 7/8 அங்குலம் இருந்தால் சிறிய லாக், 15/16 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் பெரியது. அமெரிக்காவில் இன்று கை ரைஃபிள் செய்பவர்களிடையே பரவலாகப் புழங்கும் சைலர் லாக் இதற்கு நல்ல உதாரணம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஜெர்மன் பாணியைத் தழுவிச் செய்தது. பெரியது, சிறியது என்று இரண்டு அளவில் வருகிறது. பெரியதற்கு 3/4 அங்குல அகலக் கல், சிறியதற்கு 5/8 அங்குலக் கல். அணில் வேட்டைக்கென்று 0.32, 0.36 காலிபரில் செய்யும் மெல்லிய ரைஃபிள்களில் சிறியது கச்சிதமாக உட்காரும். அடி 1 அங்குலம் உள்ள 0.50 ரைஃபிளுக்குப் பெரியது. அடி 1⅛ அங்குலத்தைத் தொட்டால் பெரிய சைலரைக் காட்டிலும் நீளமான, ஆரம்பகால ஆங்கில அல்லது ஜெர்மன் பாணி லாக் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. பருத்த அடிமுனையில் பொடி லாக்கை வைத்தால், பெரிய தேக்குக் கதவில் பெட்டிப் பூட்டைத் தொங்கவிட்டது மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் மரம் வெறுமையாகத் தெரியும், அதைக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் உள்ளே குழல் இருக்கிறது.

பெரிய லாக் சிறிய துப்பாக்கிக்கு வந்தால் கெடுவது வேறு இடம்: கைப்பிடி. தகட்டின் வால் பின்னால் நீண்டு, கட்டை மெலிந்து கைக்குள் அடங்க வேண்டிய இடம் வரை போய்விடும். வால் இருக்கிற வரை மரத்தைச் செதுக்கி இறக்க முடியாது. நீள் ரைஃபிளின் அழகே அங்கேதான், லாக் முடிந்ததும் மரம் சட்டென்று மெலிந்து உள்ளங்கையில் வந்து அடைவதில். அதுபோக, விசை எங்கே வர வேண்டும் என்பதையும் லாக்தான் தீர்மானிக்கிறது. உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் கை எங்கே நீண்டிருக்கிறதோ, விசை அதற்குக் கீழே வந்தாக வேண்டும். லாக் நீண்டால் விசையும் பின்னால் நகரும். விசையிலிருந்து தோளில் பதியும் அடிக்கட்டை வரை பெரும்பாலானவர்களுக்கு 13 முதல் 14 அங்குலம் தேவைப்படுவதால், மரப்பலகையின் நீளமும் இதோடு சேர்ந்து மாறும்.

சிறிய லாக்கில் பொறி குறைவாக வருமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பெரிய கல்லும் அகலமான ஃபிரிஸனும் அதிகப் பொறி தரும் என்பது உண்மைதான். கல்லும் கொஞ்சம் அதிக நாள் உழைக்கும். ஆனால் கிண்ணத்தில் உள்ள மருந்து பற்ற, எரியும் துணுக்குகள் சரியான இடத்தில் விழுந்தாலே போதும். ஃபிரிஸன் சரியாகக் கடினப்படுத்தியிருந்து, ஸ்பிரிங்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் சின்ன லாக் அருமையாக வேலை செய்யும். மட்டமாகச் செய்த பெரிய லாக்கை விட நன்றாகச் செய்த சிறியது எவ்வளவோ மேல். கல்லின் அகலத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஃபிரிஸனின் முகத்தை நிறைக்கிற அளவு அகலம் இருக்கட்டும், ஆனால் குழலின் பக்கத்தில் இடிக்கக் கூடாது. இங்கிலாந்தின் பிராண்டன் ஊரிலிருந்து வரும் கறுப்புக் கல்லும், பிரான்சின் தேன் நிறக் கல்லும் காலங்காலமாகப் பேர் பெற்றவை.

அளவு மட்டும் பொருந்தினால் போதாது, காலமும் பொருந்த வேண்டும். 1770க்கு முந்தைய ரைஃபிளை மனதில் வைத்துச் செய்கிறவர் பருத்த அடிமுனை, அகலமான அடிக்கட்டை, பெரிய லாக் என்று போக வேண்டும். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் துப்பாக்கி மெலிந்து, செதுக்கலும் பித்தளை வேலையும் கூடியது, லாக்கும் சுருங்கியது. ஃபிரிஸன் ஸ்பிரிங்கில் சின்ன உருளை வைத்த ஆங்கில லாக், தண்ணீர் வடிகிற மாதிரி அமைத்த கிண்ணம் எல்லாம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பரவியவை. அவற்றை 1760ஆம் ஆண்டு பாணி ரைஃபிளில் பார்த்தால் விஷயம் தெரிந்தவர்களுக்கு உறுத்தும். அளவு சரியாக இருந்தாலும் உறுத்தும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பெரிய தாளில் உண்மை அளவில் வரையுங்கள். முதலில் குழலின் அடிமுனையைப் பக்கவாட்டில் வரைந்து, மரையாணியின் முகம், பற்றுவாய், கோல் துளை மூன்றையும் குறியுங்கள். லாக் விற்பவர்கள் பலர் அதன் படத்தை உண்மை அளவில் தருகிறார்கள். அதை வெட்டி, கிண்ணத்தின் நடு பற்றுவாயில் விழும்படி வைத்துப் பாருங்கள். தடுப்பின் பின்பக்கம் குழலின் முனையோடு சேருகிறதா, பின் திருகு குழலைத் தாண்டிப் போகிறதா, வால் கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது, தகட்டுக்குக் கீழே மரக்கரை மிஞ்சுகிறதா என்று எல்லாம் தாளிலேயே தெரிந்துவிடும். அப்புறம் பக்கத்தில் குறுக்குவெட்டையும் வரைந்து ஸ்பிரிங்குக்கு இடம் பாருங்கள். வால் சற்றுக் கீழ்நோக்கிச் சாயும்படி படத்தை லேசாகச் சுழற்றிப் பார்க்கலாம். கைப்பிடியின் சரிவோடு அது இணையும்போது மொத்தக் கோடும் உயிர் பெறும். ஒரு மாலை நேரம் பிடிக்கிற வேலை இது. லாக்கின் விலையோடும் நல்ல மேப்பிள் பலகையின் விலையோடும் ஒப்பிட்டால் அந்த மாலை பெரிதே இல்லை.

சட்டத்தையும் கவனியுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இவ்வகைத் துப்பாக்கிகளைப் பழம்பொருள் வகையில் வைத்திருக்கிறது, மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். இங்கிருந்து படிப்பவர்கள் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய துப்பாக்கியைப் பார்க்கும்போது இந்தக் கணக்குகளை வைத்து அதைப் படிக்கலாம், அதுவே நல்ல பயிற்சி.

வாங்கும் வரிசை: குழல், அடுத்து லாக், கடைசியில் மரம். லாக்குக்கான குழியை இயந்திரத்தில் முன்பே குடைந்த கட்டையை வாங்குபவர்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். அந்தக் குழி குறிப்பிட்ட ஒரு லாக்குக்கும் குறிப்பிட்ட ஒரு குழலுக்கும் என்று வெட்டியது. வேறு லாக்கை அதில் நுழைக்க நினைத்தால் குழியைப் பெரிதாக்கத்தான் முடியும், சுருக்க முடியாது. ஆகவே கட்டைக்குப் பணம் கட்டும் முன், எந்த லாக்குக்காகக் குடைந்தது, அடிமுனை எத்தனை அங்குலக் குழலுக்கானது என்று இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.